வாழை வெட்டிய இடம்

விடியுமுன்னே எழுந்துவிடுகிற உடம்பு எனக்கு. சிங்கப்பூர் தொழிற்சாலைக்குப் போய் வந்த காலத்தில் படிந்த பழக்கம். உலு திராமில் பஸ் ஏறி, எல்லைப் பாலத்து நெரிசலில் நின்று, வேலை செய்து, திரும்பவும் பாலத்தில் நின்று வீடு வந்து சேரும்போது சோற்றைப் பிசையக்கூடக் கை வராது. முட்டி இரண்டும் போன பிறகு அந்த வேலையை விட்டேன். விட்டவள் காலை நீட்டிச் சும்மா உட்கார்ந்திருக்கலாம் இல்லையா? புத்தி எங்கே மேயப் போயிற்றோ, கோத்தா திங்கி போகிற வழியில் ஒரு காய்கறிக் கொல்லையில் போய்க் குனிந்தேன்.

கொல்லை என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். ஒரு முனையிலிருந்து கூப்பிட்டால் மறுமுனையில் இருப்பவர் திட்டுகிற சத்தம் காதில் விழும், அவ்வளவுதான். பயத்தங்காய், கத்திரி, வெண்டி, கங்குங், கீரை. பூச்சி மருந்து கிடையாது, புல் மருந்து கிடையாது, மூட்டை உரம் கிடையாது. அப்படியானால் எல்லாவற்றையும் யார் செய்வது? எங்கள் இடுப்புதான். புல்லைக் கையால் பிடுங்க வேண்டும். புழுவைக் கையால் பொறுக்க வேண்டும். ஒரு மழை பெய்தால் போதும், பிடுங்கிய இடத்தில் நேற்று நாம் வரவேயில்லை என்பதுபோல் புல் நிற்கும். கடையில் ஆர்கானிக் என்று எழுதிய பொட்டலத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, இது ஏன் இவ்வளவு விலை என்று உதட்டைப் பிதுக்குகிறவர்களை ஒரே ஒரு காலை எங்கள் கங்குங் பாத்தியில் குந்த வைத்துப் பார்க்க எனக்கு ரொம்ப நாள் ஆசை.

நாங்கள் மூன்று பேர். கொல்லை அக்காவுடையது. அறுபதைத் தாண்டியவர். அவருடைய சொந்தத் தம்பி ஒருவர், லோரி ஓட்டி ஓய்ந்தவர், எனக்கு அண்ணன் முறை. மூன்றாவது ஆள் நான். எனக்கு வாய் கொஞ்சம் நீளம் என்று அண்ணன் சொல்வார். வாய் இல்லாவிட்டால் அந்த வெயிலில் எப்பொழுதோ செத்திருப்பேன் என்று நான் சொல்வேன்.

அக்கா பக்கத்து எஸ்டேட்டில் பிறந்தவர். கல்யாணம் ஆன நாளிலிருந்து எஸ்டேட் மூடுகிறவரைக்கும் அவர் பார்த்தது வெளிக்காட்டு வேலை, அதிலும் மருந்தடிக்கிற வேலை. பம்பை முதுகில் சுமந்துகொண்டு செம்பனை மரங்களைச் சுற்றிப் புல்லுக்கு மருந்தடிப்பது. முகத்துக்குப் பழைய துண்டு, கைக்கு ஒன்றும் கிடையாது. பம்பு ஒழுகி முதுகு நனையும். அதே கையோடு மரத்தடியில் உட்கார்ந்து பசியாறுவார்கள். இன்றைக்கும் அக்காவின் கால் நகங்கள் கறுத்துத் தடித்துக் கிடக்கின்றன. நான் ஒருமுறை நகவெட்டியோடு உட்கார்ந்து பார்த்து, முடியாமல் எழுந்துவிட்டேன். அவர் கணவரின் சேமநிதியில் வாங்கிய இந்த நிலத்தில் ஒரு சொட்டு மருந்து விழக் கூடாது என்பது அவர் பிடிவாதம். அதைப் பெரிய கொள்கையாகவெல்லாம் அவர் பேசியதில்லை. "நான் அடிச்சது போதும்" என்பார். அத்தோடு சரி.

முத்திரை ஆசை வந்தது சனிக்கிழமைச் சந்தையில். ஜோகூர் பாருவில் ஒரு டாமான் குடியிருப்பில் காய் விற்போம். ஒரு பெண்மணி பயத்தங்காய்க் கட்டை எடுத்து முகர்ந்துவிட்டு, "இது ஆர்கானிக்னு யார் சொன்னது, ஆன்ட்டி?" என்று கேட்டார்.

"நான் சொல்றேன்மா," என்றார் அக்கா.

"நீங்க சொன்னா ஆச்சா? முத்திரை எங்க?"

கேட்டுவிட்டுச் சிரித்தார். கெட்ட சிரிப்பு இல்லை, சும்மா சிரித்தார். அக்கா அன்றைக்கு அந்தப் பயத்தங்காய்க் கட்டை மடியில் வைத்துக்கொண்டே அண்ணன் ஓட்டிய காடியில் வீடு திரும்பினார். நானென்றால் அந்தப் பெண்மணியின் பையில் நத்தையைப் போட்டு அனுப்பியிருப்பேன். அக்கா அப்படி இல்லை. அடுத்த வாரமே விவசாய அலுவலகத்துக்குப் போய் முத்திரைக்கு எழுதிக் கொடுத்துவிட்டு வந்துவிட்டார்.

முத்திரை கிடைப்பது லேசில்லை. மண் மருந்துபடாமல் வருடக்கணக்கில் கிடக்க வேண்டும். கடைசியில் அதிகாரி ஒருவர் வந்து, இலையும் மண்ணும் எடுத்துப்போய்ச் சோதிப்பார். அதில் மருந்து தெரிந்தால் முதலிலிருந்து காத்திருக்க வேண்டும். எங்களுக்குக் கிழக்குப் பக்கம் செம்பனை. அதன் சொந்தக்காரர் நல்ல மனிதர், பக்கத்துக் கம்பத்து ஊர்க்காரர். ஆனால் மருந்தடிப்பது குத்தகை ஆட்கள், இன்றைக்கு ஒருவன், நாளைக்கு ஒருவன். காற்று அந்தப் பக்கத்திலிருந்துதான் அடிக்கும். அதற்காகவே அக்கா அந்த ஓரம் முழுக்க வாழையை நெருக்கி வைத்திருந்தார். அடர்ந்து, இலையோடு இலை உரசிச் சுவராக நின்றது. அந்தச் சுவரை நம்பித்தான் நாங்கள் இந்தப் பக்கம் குனிந்துகொண்டிருந்தோம்.

அதிகாரி வருகிற மாதம் வருவார் என்று தகவல் வந்தது. அக்கா அன்றைக்கு எங்களுக்குப் பாயசம் வைத்துக் கொடுத்தார். "இது ஒண்ணு கெடச்சிட்டா போதும் தங்கச்சி. அப்புறம் நான் குனியலன்னாலும் பரவால்ல," என்றார். முதுகைப் பிடித்துக்கொண்டுதான் சொன்னார். இன்னொரு தடவை காத்திருக்க அந்த உடம்பில் தெம்பு இல்லை என்பது எங்கள் மூவருக்கும் தெரியும்.

அந்த வாரம்தான் கோயில்காரர்கள் வந்தார்கள்.

எஸ்டேட் மூடி ஜனங்கள் மாசாய், உலு திராம் என்று சிதறிப்போனாலும் கோயில் மட்டும் செம்பனைக்கு நடுவில் நிற்கிறது. வருடத்துக்கு ஒருமுறை திருவிழாவுக்கு எல்லாரும் காடியை எடுத்துக்கொண்டு வந்துவிடுவார்கள். வாசலில் இரண்டு பக்கமும், பந்தல் காலிலும் வாழை கட்ட வேண்டும், அதுவும் குலையும் பூவுமாக. கோயில் தலைவர் செருப்பைக் கழற்றிவிட்டு எங்கள் பொண்டோக்குக் குடிசைக்குள் வந்து கைகூப்பினார்.

"பாசார்ல எல்லாம் வாடிப்போன மரம்மா. உங்க கொல்லைல ஜம்முனு நிக்குதாமே. நம்ம ஆத்தா வாசலுக்கும்மா."

"எடுத்துக்குங்க சாமி. இதுக்குப் போயி கேக்கணுமா?" என்றார் அக்கா.

நான் அக்காவைத் தனியே இழுத்தேன். "அக்கா, அந்த ஓரத்து வாழைலா! அதுதான நமக்கு வேலி."

"கோயிலுக்குக் கேக்குறாங்க. இல்லைன்னு எப்படிச் சொல்றது?"

"வாயாலதான் சொல்லணும்."

"உனக்கு வாயி இருக்கு. எனக்கு இல்ல," என்றார். அப்புறம் சமாதானமாக, "அங்க ஒண்ணு, இங்க ஒண்ணா பிரிச்சு வெட்டச் சொல்றேன். தெரியவே தெரியாது," என்றார்.

சொல்லவும் சொன்னார். ஆனால் கோயிலுக்கு வேப்பிலை ஒடிக்க அவரும் நானும் மேற்குப் பக்கம் போன நேரத்தில் லோரி வந்து நின்றது. லோரி போகக்கூடிய பாதை கிழக்கு ஓரத்தில் ஓர் இடத்தில்தான் முடிகிறது. வந்தவர்கள் லோரி நின்ற இடத்திலேயே பாராங்கத்தியை எடுத்து, கைக்கு எட்டிய மரங்களை வரிசையாக வெட்டி ஏற்றிக்கொண்டார்கள். கும்பிட்டுவிட்டுத்தான் வெட்டினார்களாம், அதில் குறை சொல்ல முடியாது. அக்கா வேப்பிலைக் கட்டோடு வந்து பார்த்தபோது முன்பல் விழுந்த வாய் மாதிரி ஓரம் திறந்து கிடந்தது. அந்தச் சந்து வழியாக அடுத்த நிலத்துச் செம்பனை அடிவரை தெரிந்தது. நான் தலையில் அடித்துக்கொண்டேன்.

திருவிழாவுக்கு நானும் போனேன். கோபத்தோடுதான் போனேன். வாசலில் எங்கள் வாழை குலை தொங்க நின்றது. பால்குடம் ஏந்தி வந்த அக்கா வாசலில் ஒரு நொடி நின்று அதை ஏற இறங்கப் பார்த்தார். மஞ்சள் பூசிய முகம், வியர்வை, அப்படியொரு சந்தோஷம். "நம்ம மரம்," என்று என்னைப் பார்த்து உதட்டை அசைத்தார். அதற்குமேல் என்னால் கோபத்தைப் பிடித்து வைத்திருக்க முடியவில்லை. அன்னதானத்தில் இரண்டு தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டுவிட்டு வீடு வந்தேன்.

வாழை போன இடைவெளியை அடைக்க அண்ணன் பழைய கேன்வாஸைக் கட்டினார். காற்று அதை இரண்டு நாளில் கிழித்து வெண்டிப் பாத்தியில் போட்டது. வெட்டிய அடியிலிருந்து வாழைக் குருத்து எட்டிப் பார்த்தது, ஆனால் அது சுவராவதற்குள் நாங்கள் கிழவிகளாகிவிடுவோம். நான் தினமும் காலையில் வந்ததும் கிழக்கைத்தான் பார்ப்பேன். பம்போடு ஆள் தெரிகிறதா என்று கண்ணில் எண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பேன். எத்தனை நேரம்தான் பார்ப்பது? புல்லும் பிடுங்க வேண்டுமே.

ஒருநாள் முற்பகலில் நான் பயத்தங்காய்ப் பந்தலுக்குள் குனிந்திருந்தேன். நல்ல காற்று. எங்கள் பக்கம் காற்று வருகிறதே என்று முதுகு சந்தோஷப்பட்டது. அப்போது அக்கா கூடையைக் கீழே போட்ட சத்தம் கேட்டது. நிமிர்ந்தால் அவர் ஓடுகிறார். அக்கா ஓடி நான் பார்த்ததே இல்லை. "நிப்பாட்டு! நிப்பாட்டு!" என்று கத்திக்கொண்டே அந்த இடைவெளியைத் தாண்டிப் போனார். அதற்குப் பிறகுதான் எனக்கு மருந்து வாடை வந்தது.

மருந்தடித்தவன் வெளிநாட்டு ஆள், புதிதாக வந்தவன். காதில் பாட்டு. அக்கா முன்னால் போய்க் கையை விரித்து நின்ற பிறகுதான் பார்த்தான், பயந்து பம்பை நிறுத்தினான். நானும் மூச்சு வாங்கப் போய்ச் சேர்ந்தேன். வாயில் வந்ததையெல்லாம் மலாயில் பாதி தமிழில் பாதியாகத் திட்டினேன். அவன் ஒன்றும் புரியாமல் தலையைத் தலையை ஆட்டினான். அக்கா அவனைத் திட்டவில்லை. அவனுடைய கையைப் பார்த்தார். கையுறை இல்லை, முகத்தில் துணி இல்லை, முதுகு நனைந்திருந்தது. சட்டையைப் பிடித்து எங்கள் குழாயடிக்கு இழுத்து வந்தார், சோப்பைக் கொடுத்தார்.

"கழுவு. முதுகையும் கழுவு. சோறு திங்கறதுக்கு முன்னாடி இன்னொரு தடவ கழுவு."

"அக்கா, நம்ம கொல்லையே போச்சு, நீங்க அவனக் குளிப்பாட்டுறீங்களா!" என்று கத்தினேன். எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் பாட்டுக்குக் குழாயைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

சில நாட்களில் சந்துக்கு நேரேயிருந்த பயத்தங்கொடியின் நுனிகள் சுருண்டன. இலை வெளிறிக் குறுகியது. அதற்கு அடுத்த கத்திரி வரிசை நன்றாகத்தான் நின்றது. மற்ற பாத்திகளுக்கு ஒன்றும் இல்லை. அந்த மூலையிலிருந்து ஒரு காய்கூடச் சந்தைக்குப் போகக் கூடாது என்று அக்கா சொல்லிவிட்டார்.

அண்ணன் பசியாறும்போது கணக்காகப் பேசினார். "இங்க பாருங்க. சுருண்ட கொடிய எல்லாம் புடுங்கிப் பொதச்சிருவோம். மேல காஞ்ச புல்லப் பரப்பிருவோம். அதிகாரி வந்தா நான் மேக்குப் பக்கம் கூட்டிட்டுப் போறேன். அங்க சுத்தமாத்தான இருக்கு? நாம மருந்து அடிச்சமா? இல்ல. பக்கத்து ஆளு தப்புக்கு நாம ஏன் சாகணும்?"

எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. இன்றைக்கும் பாதி மனசு அதை நியாயம் என்றுதான் சொல்கிறது. அக்கா தேநீரை ஆற்றிக்கொண்டே இருந்தார். வேண்டாம் என்று சொல்லவில்லை. அண்ணன் கொடியைப் பிடுங்கினார், நான் காய்ந்த புல்லைப் பரப்பினேன், அக்கா வரப்பில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். சரி, ஒத்துக்கொண்டுவிட்டார் என்று நினைத்தேன். மனசிலிருந்து ஒரு பாரம் இறங்கியது.

அதிகாரி வந்த அன்று வெயில் கொளுத்தியது. மலாய்க்காரர், ஓய்வு பெறுகிற வயசு, எங்களைப் போலவே முட்டியைப் பிடித்துக்கொண்டு நடந்தார். பார்த்ததும் எனக்குப் பிடித்துப்போயிற்று. அண்ணன் இளநீர் வெட்டிக் கொடுத்து, பேசிக்கொண்டே மேற்குப் பாத்திக்கு அழைத்துப் போனார். அதிகாரி கையுறை மாட்டிக் கீரை பறித்தார், வெண்டி இலை பறித்தார், மண் அள்ளிப் பையில் போட்டார். பையின் வாயைக் கட்டிவிட்டு நிமிர்ந்து, போதும் என்றார். அண்ணன் என்னைப் பார்த்தார். நான் ஆகாயத்தைப் பார்த்தேன். அலமாக், தப்பித்தோம் என்று நினைத்தேன்.

"என்சே," என்று அக்கா அதிகாரியைக் கூப்பிட்டார்.

அவர் எப்போது அங்கே போனாரோ தெரியவில்லை. கிழக்கு மூலையில், நான் பரப்பிய புல்லைக் காலால் ஒதுக்கிவிட்டு நின்றுகொண்டிருந்தார். "சினி அடா ராச்சுன்," என்றார். இங்கே மருந்து இருக்கிறது. அவருக்குத் தெரிந்த எஸ்டேட்டு மலாய் அவ்வளவுதான். அதற்கு வேறு எந்த மொழியும் தேவைப்படவில்லை.

அதிகாரி நொண்டிக்கொண்டே அங்கே போனார். வாழை போன இடைவெளியைப் பார்த்தார், அந்தப் பக்கத்துச் செம்பனையைப் பார்த்தார். இங்கே எடுத்தால் என்ன ஆகும் என்று தெரியுமா என்று மெதுவாகக் கேட்டார். தெரியும் என்று அக்கா தலையாட்டினார். மண்ணை அவரே கையால் தோண்டிக் கொடுத்தார், பார்வைக்கு நன்றாக நின்ற அடுத்த வரிசைக் கத்திரியிலிருந்து இலையும் காட்டிக் கொடுத்தார். அதிகாரி போகும்போது அக்காவின் கையைப் பிடித்து ஏதோ சொன்னார். எனக்குக் கேட்கவில்லை, கேட்கிற நிலையிலும் நான் இல்லை.

காடி மறைந்ததும் அண்ணன் பொண்டோக்குக்குள் போய்ப் படுத்துக்கொண்டார். நான் விடுவேனா?

"ஏன்க்கா? ஏன்? யார் கேட்டா உங்கள? எத்தன வருஷமா இந்த முதுக ஒடிச்சோம்! மரத்தத் தூக்கிக் கோயிலுக்குக் குடுத்தீங்க, இப்ப முத்திரையத் தூக்கி அந்த ஆளு கையில குடுத்துட்டீங்க!"

அக்கா வரப்பில் உட்கார்ந்தார். கையிலிருந்த மண்ணைத் தட்டவில்லை.

"அந்தப் பொம்பள கேட்டுச்சே, நீங்க சொன்னா ஆச்சான்னு. நான் சொன்னா ஆகணும் தங்கச்சி. அதுக்குத்தான முத்திரை கேட்டேன். பொய் சொல்லி வாங்கிட்டு அத எங்க ஒட்டுறது?"

அவர் அழுது நான் பார்த்தது அன்றைக்குத்தான். சத்தமில்லாமல் அழுதார். தடித்துக் கறுத்த அந்தக் கால் நகங்களைப் பார்த்துக்கொண்டே, "இன்னும் ஒரு தடவ என்னால முடியுமா?" என்று கேட்டார்.

முடியும் என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். என் இடுப்பு வலித்தது, முட்டி வலித்தது. பொய் வரவில்லை.

"முடியாதுக்கா," என்றேன். "எனக்கும் முடியாது. எந்திரிங்க, வாழக் கன்னு வைக்கலாம்."

சோதனை முடிவு நாங்கள் எதிர்பார்த்தபடியே வந்தது. அந்த மூலையில் மருந்து. முதலிலிருந்து காத்திருக்க வேண்டும். அதற்குள் நாங்கள் சந்தில் கன்றுகளை இரண்டு வரிசையாக நட்டிருந்தோம். குழி தோண்டியது அண்ணன், வாய்க்குள் திட்டிக்கொண்டே தோண்டினார். நான் எரு போட்டேன், அக்கா கன்றை நிறுத்தி மண்ணை மிதித்தார்.

எல்லாம் நட்டு முடிந்து, நான் மண்வெட்டியைக் கழுவப் போனேன். திரும்பிப் பார்த்தால் அக்காவிடம் இன்னும் நாலைந்து கன்றுகள் இருக்கின்றன. அவற்றைத் தூக்கிக்கொண்டு லோரி வந்து நிற்கிற இடத்துக்குப் பக்கத்தில், ஓரத்தை விட்டுத் தள்ளி, எங்கள் நல்ல வெண்டிப் பாத்தியின் தலைமாட்டில் போய் நின்றார்.

"அங்க எதுக்குக்கா? வெண்டிக்கு நெழல் விழும்."

அவர் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். "அடுத்த வருஷமும் கேப்பாங்களே. இது அவங்களுக்கு."

திட்டுவதற்கு என்னிடம் நிறைய இருந்தது, மூச்சுத்தான் இல்லை. அண்ணன் மறுபடியும் படுத்துவிட்டிருந்தார். கழுவிய மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு போய் அந்தக் குழிகளை நானே தோண்டினேன்.